கோதுமை இல்லாத சம்பந்தம்

ஜனவரி 5, ஞாயிறு

உணவு ஆலோசகர் ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். தினமும் என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது, எத்தனை நிமிடம் வெயிலில் நின்றேன். இந்த மூன்றையும் எழுதினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார். என்னை அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஒரு வருடமாக முட்டி வலி, இடுப்பு வலி, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நாற்பத்தாறு வயதுக்கு இதெல்லாம் வரும் என்றார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தால் 7.4. முப்பதாவது இருக்க வேண்டுமாம். ஞாயிறுதோறும் ஒரு பாக்கெட் பொடியைப் பாலில் கலந்து மூன்று மாதம் குடித்தேன். மறுபடி பார்த்தால் 8.1. "ஒழுங்கா மருந்து சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் நான் கேட்கிற அதே குரலில். பிறகு இன்னொரு ரத்தப் பரிசோதனை. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து ஒரு துளி சதை எடுத்தார்கள்.

சீலியாக் என்று பெயர். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தை என் குடல் எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. சண்டையில் குடலே சிதைந்துவிட்டது. அதனால் உள்ளே போகிற எந்தச் சத்தும் ஒட்டுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை ஒரு துணுக்குகூடக் கூடாது, ஆயுள் முழுக்க. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. சூரிய ஒளியிலிருந்து செலவில்லாமல் கிடைக்கும் வைட்டமின் எது என்ற ஒரு மதிப்பெண் கேள்வியை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலை இட்லி 4. மதியம் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். இரவு தோசை 3. வயிறு: உப்புசம். மோரில் பெருங்காயம் போட்டுக் குடித்தேன். வெயில்: 0.

ஜனவரி 7, செவ்வாய்

வீட்டில் அவரிடம் விளக்கினேன். அவருக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. எதையும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தால்தான் புரியும்.

"ஏம்மா, பரோட்டா?"

"கூடாதுங்க."

"சப்பாத்தி? அது ஒடம்புக்கு நல்லதாச்சே."

"அதும் கோதுமைதானுங்க."

"ரவா தோசை? சேமியா உப்புமா? வர்க்கி?"

"எல்லாமே அதுதான்."

"அப்ப கல்யாணத்துக்குப் போனா சேமியாப் பாயசம்கூட இல்லை," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். என் தோளைத் தொட்டார். பிறகு கடையில் வேலை இருக்கிறதென்று கிளம்பிப் போய், ஏழு மணிக்கு வாயில் ஏலக்காயோடு வந்தார். சால்னா வாசத்துக்கு ஏலக்காய் போதாது.

ஒன்று எழுத வேண்டும். "இது எனக்கு ஆகாது" என்று இதுவரை எதைப் பற்றியும் நான் சொன்னதில்லை. போட்டதைச் சாப்பிட்டேன், கொடுத்த வகுப்பை எடுத்தேன். இப்போது டாக்டர் கையெழுத்தோடு சொல்லலாம். இந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

வெயில்: 25 நிமிடம்.

பதினோரு மணிக்கு மேல் ஒரு மணிக்குள் நின்றால்தான் பலன். அந்த நேரத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடிக்கு யாரும் போவதில்லை. முழங்கை வரை கை சுருட்டிய நைட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் மாடி கோகிலா மிளகாய் காயப் போட வந்தார்.

"என்னுங்க டீச்சர், வீட்டுல சண்டையா?"

"இல்லீங்க, வெயில் காயறேன்."

நம்பவில்லை. போகும்போது, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அந்த அணிலை மட்டும் கொஞ்சம் வெரட்டுங்க," என்றார். கோகிலாவுக்கு அரை கிலோ மிளகாய் காய்ந்தது. எனக்கு எவ்வளவு டி ஏறியது என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய். கோதுமை தலைகாட்டாத பண்டிகை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தாரணி இன்று ஒரு விஷயம் சொன்னாள். எங்களுக்கு ஒரே மகள், வயது இருபத்தைந்து, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூடப் படித்த பையனாம். பெயர் மித்ரன். நம் ஆட்கள்தானாம். படிப்பு உணவுத் தொழில்நுட்பம். வேலை என்ன என்று கேட்டேன்.

"அவங்க பேக்கரிதான்மா. மேட்டுப்பாளையத்துல. அப்பாகூடச் சேர்ந்து பாத்துக்கறான்."

"பேக்கரியா?"

"ஏன்மா, அப்படிக் கேக்கறீங்க?"

"எப்படிக் கேட்டேன்? சும்மா கேட்டேன் கண்ணு."

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எந்தத் தொழிலும் தாழ்ந்ததில்லை என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் மருமகன் கனடாவில் இருக்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் ஒரு மணி பத்து நிமிடம். காலையில் ஒரு மணி. மாலையில் ஒன்றரை. மேப்பில் ஏழெட்டு முறை பார்த்ததில் கிடைத்த சராசரி.

சாப்பாடு எழுத மறந்துவிட்டேன். வயிறு: உப்புசம். ரசத்தில் பெருங்காயத்தைக் கூட்டியிருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

திருப்புதல் தேர்வுத் தாள் திருத்தினேன். "வைட்டமின் டி எங்கிருந்து கிடைக்கிறது?" ஒரு பெண் "மெடிக்கல் ஷாப்" என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மித்ரன், அவன் அப்பா சென்னியப்பன், அம்மா வஞ்சிக்கொடி, தாய்மாமன் துரைசாமி. பூ, பழத்தோடு நான்கு அட்டைப் பெட்டிகள் இறங்கின. பப்ஸ். வர்க்கி. தேங்காய் பன். நான்காவதில் தாரணி பெயர் எழுதிய கேக். வீட்டுக்குள் கோதுமையே வரக்கூடாது என்று தொண்டை வறளச் சொல்லி நான்கு வாரம் ஆகியிருந்தது.

பையன் உயரம் சரி, படிப்பு சரி, பேச்சு சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப் பார்த்தேன்.

வஞ்சிக்கொடிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கை பருமன், குரல் அதைவிடப் பருமன். கேக்கை வெட்டி முதல் துண்டை என்னிடம் நீட்டினார். "டீச்சரு எடுத்துக்கோங்க. முட்டை போடாததுங்க."

"இப்பத்தானுங்க சாப்பிட்டேன்," என்றேன். கையில் வாங்கி, சமையலறை மேடையில் வைத்துவிட்டேன். என் பங்கையும் சேர்த்து எங்கள் அவர் சாப்பிட்டார். கல்லுக்குண்டு மாதிரி குடல் அவருக்கு.

நோயைச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் எந்தத் தாயாவது இதைச் சொல்வாளா? ரத்த சொந்தத்துக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அம்மாக்காரிக்கு இருக்குதாம், புள்ளைக்கும் வந்துடுமாம்" என்று ஊர் முழுக்கப் பேசிவிடுவார்கள். தாரணியிடமும் வீட்டில் அவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன், வாயைத் திறக்கக்கூடாதென்று. தாரணிக்கு ரத்தம் பார்த்தாயிற்று. அவளுக்கு ஒன்றும் இல்லை. அதையும் சொல்லக்கூடாது என்றேன். சொன்னால் எதற்குப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்.

கீழே பேக்கரி, மேலே வீடு. மாடிப்படி ஏறும்போதே அடுப்புச் சூடும் வெண்ணெய் வாசமும் கூடவே ஏறி வந்தன. கைப்பிடியில் கை வைத்தேன், வெள்ளையாகத் தூள் ஒட்டியது. சேலையில் துடைத்தேன். பிறகு சேலையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பிடித்திருந்தால்தான் சோறு சாப்பிடுவோம். கை நனைப்பது என்போம். பெண்ணைப் பெற்றவள் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அடுத்தது நிச்சயதார்த்தம்தான். நனைக்காமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு, யாரும் வாய் விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இலை போட்டார்கள். ரவா கேசரி, பூரி, கோதுமை அல்வா. ஓரத்தில் சோறும் சாம்பாரும்.

"உக்காருங்க டீச்சரு," என்றார் வஞ்சிக்கொடி.

"நான் இன்னிக்கு விரதமுங்க."

"ஞாயித்துக்கெழமை என்ன விரதமுங்க?"

ஜன்னல் வழியாக வெயில் கண்ணில் அடித்தது. "சூரியனுக்கு," என்று வாயில் வந்துவிட்டது.

அவர் கையிலிருந்த பூரி அந்தரத்தில் நின்றது. தாரணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. மித்ரன் ஓடிப் போய் ஓர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். அதைக் குடித்தேன். இளநீர் குடித்தது கை நனைத்ததில் சேருமா சேராதா என்று தாய்மாமன் துரைசாமியும் எங்கள் அவரும் கால் மணி நேரம் விவாதித்தார்கள். சேராது என்று முடிவானது.

ஓரத்தில் வெறும் சோறு இருந்தது. அது எனக்கு ஆகும். அப்போது தோன்றவில்லை.

வெயில்: பஸ் நிறுத்தத்தில் 20 நிமிடம். யாரும் என்னோடு பேசாததால் முழு நேரமும் வெயிலிலேயே நின்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

துரைசாமி அவருக்குப் போன் செய்தார். அவர் ஸ்பீக்கரில் போட்டார். போட்டிருக்க வேண்டாம்.

"டீச்சரம்மாவுக்கு இஷ்டமில்லீன்னா நேரா சொல்லியிருக்கலாமுங்க. அன்னிக்கு உங்கூட்டுல கேக்கையும் தொடலை, எங்கூட்டுல சோத்தையும் தொடலை. மாவு பெசையற கை அவங்களுக்கு ஆகாதுன்னா, அதையுஞ் சொல்லிப் போடலாமல்லங்க. சூரியன எதுக்குங்க இழுக்கோணும்? இந்தப் பேச்சு இத்தோட நிக்கட்டுமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் காய்கறியைப் பார்த்தேன்.

தாரணி கேட்டாள், "வெறும் சோறாவது சாப்பிட்டிருக்கலாமல்லம்மா."

"அதுலயும் மாவு பறந்திருக்கும் கண்ணு. ஒரு துணுக்குகூட ஆகாது, டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப உண்மையச் சொல்லுங்க. வியாதின்னு சொல்லுங்க."

"சொன்னா உன்னை வேண்டாம்னு சொல்லிடுவாங்க."

"சொல்லாமயே வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை இட்லி 4. மதியம் சோறு, சாம்பார், ரசம். தாரணி என்னோடு சாப்பிடவில்லை. வயிறு: உப்புசம். வெந்நீரில் பெருங்காயம், இரண்டு வேளை.

மார்ச் 5, புதன்

பள்ளி கேண்டீனில் பப்ஸ் வந்து இறங்கும் நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு சுற்றறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நின்றேன். வாசத்தில் குளூட்டன் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாடியில் 30 நிமிடம். கோகிலா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "நல்லாக் கறுத்துப் போயிட்டீங்க டீச்சர். பொண்ணுக்கு வரன் பாக்கற நேரத்துல இப்படி வெயில்ல நிக்கலாமுங்களா?" வரன் விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதான் நின்னு போச்சாமல்லங்க," என்றார்.

நான் நிறுத்தவில்லை. அவர்கள்தான் நிறுத்தினார்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

மார்ச் 22, சனி

தாரணி மெலிந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறாள். அவளிடம் ஒரு நோட்டு கொடுத்து எழுதச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

ரிசல்ட் வந்தது. மூன்று மாதம் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் இருந்த பிறகு ரத்தத்தில் அந்தச் சண்டையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. வைட்டமின் டி 9.2.

"எங்கியோ கோதுமை உள்ளே போயிட்டிருக்கு," என்றார் டாக்டர்.

எனக்கு உடனே பிடிபட்டது. "பிப்ரவரில ஒரு பேக்கரி வீட்டுக்குப் போயிருந்தேன் டாக்டர். அங்க மாவு பறந்துட்டே இருந்தது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"அது இந்த அளவுக்குச் செய்யாதுங்க. தினமும் போற சமாச்சாரம் இது. உங்க வீட்டுலயே தேடுங்க."

ஏமாற்றமாக இருந்தது. எதற்கு என்று யோசிக்காமல் மருந்துக் கடைக்குப் போய் அடுத்த நான்கு ஞாயிறுக்குப் பொடி வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டில் தேடுதல் வேட்டை. தோசைக்கல் புதியது. கரண்டி புதியது. அரிசி மாவை மில்லில் அரைக்காமல் வீட்டிலேயே அரைக்கிறேன். கடைசியில் மின்மீட்டர் அலமாரிக்குள், 'பம்பு வாசர்' என்று எழுதிய அட்டைப் பெட்டியில் ஆறு பாக்கெட் பிஸ்கட் கிடைத்தது.

"இது கஸ்டமருக்கும்மா," என்றார்.

"வீட்டுக்கு எந்தக் கஸ்டமருங்க வர்றாங்க?"

"வந்தா?"

ஆனால் பெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தது. என் வாய்க்குள் அது எப்படிப் போகும்? தாரணிக்கு வேறொரு சந்தேகம். "நெஜத்தைச் சொல்லுங்கம்மா, ஸ்கூல்ல பப்ஸ் சாப்பிடறீங்களா?" ஒன்றரை மாதமாக என்னோடு சரியாகப் பேசாதவள் பேசிய முதல் முழு வாக்கியம் இது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டும் பட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தாரணி சத்தியத்தை மீறிவிட்டாள். மித்ரனின் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நோய், சூரிய விரதம், தனக்கு ரத்தம் பார்த்தது, ரிசல்ட், அப்பாவின் பிஸ்கட் பெட்டி வரை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலை. ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம்."

"யாரெல்லாம்?"

"அவங்க மட்டும்."

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை பத்தே முக்காலுக்கு வஞ்சிக்கொடி தனியாக பஸ் ஏறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வரலாமுங்களா? தலைக்குத் தண்ணி வாத்துட்டேன். இந்தச் சேலை பெட்டியிலிருந்து எடுத்ததுங்க, கடைப் பக்கமே போகாதது. செருப்பும் புதுசு."

உள்ளே வரச் சொன்னேன். கையில் ஒரு பொருளும் கொண்டுவரவில்லை. பழம்கூட இல்லை. "வாழைப்பழத்துல என்ன இருக்குமோ, எனக்குத் தெரியலீங்க," என்றார்.

உட்கார்ந்ததும் கேட்டார். "எதுக்குங்க டீச்சர் சொல்லலை?"

"பொண்ணுக்கும் வந்துடும்னு நினைப்பீங்கன்னுதானுங்க."

"வந்தா வந்துட்டுப் போவுது. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை. பேக்கரி வெச்சிருக்கற மனுசன் ஒரு துண்டு கேக்கு திங்க முடியாது. கல்லாவுல உக்காந்துட்டு, திங்கறவனையே பாத்துட்டிருப்பாருங்க. பாவம், பாக்கறதுலயே பாதி சக்கரை ஏறிடும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன்தானுங்க வேற மாதிரி நெனச்சுட்டாரு. நான் நம்புனேன். டீச்சர் இருக்கற விரதம்னா அதுல ஏதோ இருக்கும்னு, நானும் நாலு ஞாயிறு சூரியனுக்கு விரதம் இருந்தனுங்க. இந்தச் சம்பந்தம் நல்லபடியா முடியோணும்னு."

உயிரியலில் இதற்கு ஒரு சொல் இருந்தால் தேவலை. முகத்தில் ரத்தம் ஏறுவதற்கு இருக்கிறது. அதற்கு மேல் நடந்ததற்கு இல்லை.

"எங்க, உங்க சமையக்கட்டைக் காட்டுங்க," என்று எழுந்தார். "முப்பது வருசமா மைதாவோடதான் குடித்தனம். அது எங்கெங்க போயி ஒளியும்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்?"

ஒவ்வொரு டப்பாவாக எடுத்தார். திறந்தார், மோந்தார், விரலில் தேய்த்தார். உளுந்து, கடலை மாவு, மிளகாய்த் தூள், இட்லிப் பொடி. எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இட்லிப் பொடியை வைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"அன்னிக்கு வெறுஞ்சோறு இருந்துச்சு. அது உங்களுக்கு ஆகுமல்லங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த டப்பாவை எடுத்தார்.

அது பெருங்காய டப்பா. கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார். நெற்றியைச் சுருக்கினார். டப்பாவைத் திருப்பிப் பிடித்து, கையை நீட்டி, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்து, "கண்ணாடி கொண்டாரலை, இதப் படிங்க டீச்சர்," என்றார்.

எறும்பைவிடச் சின்ன எழுத்து. படித்தேன். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில்.

"பச்சைப் பெருங்காயம் பிசுபிசுன்னு ஒட்டுமுங்க. பொடியாகோணும்னா மாவு கலந்துதான் ஆகோணும். அரிசி மாவு கலக்கறவங்களும் இருக்காங்க. இதுல கோதுமை. தெனமும் எத்தனை தடவைங்க போடுவீங்க?"

ரசத்தில் போட்டேன். சாம்பாரில் போட்டேன். வயிறு உப்பியதென்று மோரில் போட்டேன். அப்படியும் உப்பியதென்று வெந்நீரில் இரண்டு வேளை போட்டேன். உப்ப உப்பப் போட்டேன், போடப் போட உப்பியது. இந்த நோட்டிலேயே எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். நான் வாசித்திருக்கலாம்.

எங்கள் அவர் வந்து எட்டிப் பார்த்தார். "பெருங்காயமா? கஸ்டமர் பிஸ்கட்டைக் குப்பையில போட்டீங்களே," என்றார்.

வஞ்சிக்கொடி கை கழுவிக்கொண்டு கிளம்பினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "நீங்க எங்கூட்டுல சாப்பிடாம நான் உங்கூட்டுல எப்படிங்க சாப்பிடறது?" என்று சொல்லிவிட்டு, இளநீர் மட்டும் இருக்கிறதா என்று கேட்டார். சிரித்தாரா என்று சரியாகப் பார்க்கவில்லை. தாரணி கீழே ஓடிப் போய் வாங்கி வந்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பெருங்காயம் இல்லாத ரசம். வாசம் இல்லாத வீடு போல இருக்கிறது. வயிறு: பரவாயில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வயிறு: ஒன்றுமில்லை. இப்படி எழுதுவது இதுதான் முதல் முறை. பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி எழுதினேன். ஒன்றுமில்லை.

மே 3, சனி

வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் செய்ய முடியாது. யோசிக்கத்தான் முடியும். மாடியில் வெயில் காயச் சொல்லும் டாக்டர்கள் இதையும் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

அன்றைக்கு வெறும் சோறு எனக்குத் தெரிந்தது. இலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை சொல்வேன். அப்போது தோன்றவில்லை என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை. பிள்ளைகள் தப்பாக எழுதியதை அடிக்கக்கூடாது, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பது என் வகுப்பு விதி.

மே 7, புதன்

நானே வஞ்சிக்கொடிக்குப் போன் செய்தேன். என்ன பேசுவதென்று தாளில் எழுதி வைத்திருந்தேன். "உங்க வீட்டுக்கு வரலாமுங்களா?" என்பதுதான் முதல் வரி. அதற்கே அவர், "பதினெட்டாந் தேதி வாங்க, எனக்குக் கொஞ்ச நாள் வேணும்," என்று சொல்லி வைத்துவிட்டார். மீதி நான்கு வரிகள் தாளிலேயே இருக்கின்றன. கொஞ்ச நாள் எதற்கு என்று தெரியவில்லை. தாரணிக்குத் தெரியும் போலிருக்கிறது. கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள்.

மே 18, ஞாயிறு

கார் போய் நின்றபோது பேக்கரி ஷட்டர் இறக்கியிருந்தது. அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: இன்று கடை விடுமுறை. ஷட்டருக்கு முன்னால் நான்கைந்து பேர் கூடி, அந்த அட்டையை மரண அறிவிப்பு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க போயிட்டாங்க?" என்று பஸ் டிரைவர் ஒருவர் எங்கள் அவரிடம் கேட்டார்.

"யாரும் போகலைங்க. நாங்க வந்திருக்கோம்."

கடை ஆரம்பித்த முப்பது வருடத்தில் விசேஷத்துக்குக்கூடச் சாத்தியதில்லையாம். சனிக்கிழமை மதியமே அடுப்பை அணைத்து, மாடிப்படி, கைப்பிடி, சுவர், மின்விசிறி எல்லாவற்றையும் நான்கு முறை கழுவியிருக்கிறார்கள். சென்னியப்பன் வேட்டி சட்டையில், கல்லா இல்லாத இடத்தில் எப்படி உட்காருவதென்று தெரியாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள வேண்டாமுங்க, மாவு எங்கியாவது இருக்கும்," என்று வஞ்சிக்கொடி எங்களை நேராக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே புது அடுப்பு, புதுப் பாத்திரங்கள். பாய் விரித்து இலை போட்டிருந்தது. பந்தல் கிடையாது. குடைகூடக் கிடையாது. மணி பன்னிரண்டு. மே மாதம்.

"உங்களுக்கு வெயிலும் வேணுமாமல்லங்க, தாரணி சொன்னா," என்றார். "ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடலாம்னு."

இரண்டு குடும்பமும் வரிசையாக உச்சி வெயிலில் உட்கார்ந்தோம். சென்னியப்பன் மட்டும் இங்கேயும் சுவரோரம் நின்றார். எங்கள் அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். துரைசாமி கைக்குட்டையை நனைத்துத் தலையில் வைத்தார், அது இரண்டு நிமிடத்தில் காய்ந்தது. "எங்களுக்கும் வைட்டமினு கொறைச்சலுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "உனக்கும் ஆகும், உக்காரு அண்ணா," என்றார் வஞ்சிக்கொடி.

சோறு, பருப்பு, பெருங்காயம் போடாத ரசம், அவரைக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர். பரிமாற ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோருடைய கண்ணும் என் வலது கையில் இருந்தது. வஞ்சிக்கொடி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். தாரணி சோற்றுப் பாத்திரத்தோடு வரிசையின் கடைசியில் நின்றாள். வெயிலில் அவள் முகம் சிவந்து, கண் சுருங்கி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் மேடையேறிப் பேசப் போனபோது இப்படித்தான் நின்றாள். முதல் வரி மறந்துவிட்டதென்று என்னைப் பார்த்தாள். நான் வாயசைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

பருப்பைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். சூடு நாக்கைச் சுட்டது. விழுங்கினேன். துரைசாமி எழுந்து ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார். "ஆமா, நனைச்சாச்சு," என்பது மட்டும் கேட்டது. சென்னியப்பன் முதல் முறையாக உட்கார்ந்தார்.

இரண்டாவது முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, தயிரும் முடித்து, இலையை மூடப் போனேன். உடம்பு முழுக்க வியர்வை. கழுத்து வரை நிறைந்திருந்தது. தாரணி பாத்திரத்தோடு என் முன்னால் வந்து குனிந்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" குரல் அவளுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

எனக்கு ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லை.

"வை கண்ணு," என்றேன்.